ஏற்காட்டில் மீனும் கறியும் புகைபோட: மின்சாரப் பெட்டியா, டிரம்மா?

நீங்கள் கேட்டிருப்பது இது. குடியிருப்பது சேலத்தில், ஏற்காட்டில் அப்பா காலத்து ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டமும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. மேட்டூர் மீனையும் ஆட்டுக்கறியையும் அங்கே புகைபோட ஆசை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மின்சார ஸ்மோக்கர் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். சேலத்துப் பட்டறைக்காரர் ஒருவர் பழைய இரும்பு டிரம்மிலேயே செய்து தருகிறேன் என்கிறார். இரண்டில் எது நல்லது? ஆனால் கேள்வியின் கடைசி வரியில், "ஃப்ரிட்ஜ் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் வைத்துச் சாப்பிடும் மாதிரி வரவேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. எந்தப் பெட்டி என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் பிசகினால் ஆளையே கொண்டுபோய்விடும்.

நான் படித்தது மீன் பதனத் தொழில்நுட்பம். ஒன்பது வருடம் தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதிக் கூடத்தில் வேலை. அதற்கப்புறம் கன்னங்குறிச்சிக்குக் குடிவந்து பன்னிரண்டு வருடமாக வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் புகைபோட்டு வருகிறேன். வெப்பம், உப்பு, கிருமி பற்றிக் கீழே சொல்வதெல்லாம் சோதித்து நிலைநிறுத்தப்பட்டவை, அவற்றில் கை வைக்காதீர்கள். எந்த மரம், எவ்வளவு நேரம் ஊறல், எந்த மீன் ருசி என்பதெல்லாம் என் கையும் நாக்கும் சொல்வது. அவற்றை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

புகை மட்டும் கறியைக் கெடாமல் காப்பதில்லை. புகையில் இருக்கும் அமிலங்களும் ஃபீனால்களும் ஃபார்மால்டிஹைடும் மேல்தோலில்தான் படிகின்றன. அங்கே கிருமியைக் கொஞ்சம் அடக்கும், கொழுப்பு காறாமல் கொஞ்ச நாள் தள்ளிப்போடும். உள்ளே இருக்கும் சதைக்கு அதனால் பாதுகாப்பு கிடையாது. நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்ட உப்புக்கண்டம் மாதக்கணக்கில் நின்றதற்குக் காரணம் உப்பும், வெயிலில் எலும்பாகக் காய்ந்ததும்தான். புகை கூடவந்த மணம். மாசிக்கருவாடும் அப்படித்தான். சூரை மீனை உப்புநீரில் வேகவைத்து, புகைபோட்டு, பிறகு நாள்கணக்கில் வெயிலில் காயவைத்துக் கட்டை மாதிரி ஆக்குகிறார்கள். சீவிப் போடுகிற அளவுக்கு ஈரம் போனதால்தான் அது கெடுவதில்லை. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது தொட்டால் எண்ணெய் மினுங்குகிற, பிட்டால் மெத்தென்று வருகிற புகைமீன். அதில் ஈரம் நிறைய இருக்கும். வெளியே வைத்தால் அது சாதாரண சமைத்த மீன்தான், சேலத்து வெயிலில் மறுநாள் தாங்காது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மண்ணிலும் மீன் குடலிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கும். அவை கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத இடம், ஈரம், குறைந்த உப்பு, மிதமான சூடு நான்கும் சேர்ந்தால் முளைத்து நஞ்சு சுரக்கும். புகைமீனைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டி வைத்தால் அந்த நான்கையும் நாமே ஏற்பாடு செய்துகொடுத்த மாதிரி. மீனில் வரும் வகை 3.3 டிகிரி செல்சியஸிலேயே வளரத் தொடங்கிவிடும், அதாவது சரியாகக் குளிராத ஃப்ரிட்ஜுக்குள்ளேயே. வாடையும் வராது, நிறமும் மாறாது. முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத கேடு இது.

அதனால்தான் குளிர்ப்புகை என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிறார்களே, மீனை வேகவிடாமல் 30 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் புகை மட்டும் காட்டுவது, அதை விட்டுவிடுங்கள். சேலத்தில் அதற்கு வழியே இல்லை. ஏற்காட்டில் மார்கழி தை இரவுகளில் குளிர் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த முறையில் கிருமியைக் கொல்லும் கட்டமே கிடையாது. உப்பின் அளவைச் சோதனைக்கூடத்தில் பார்த்து, குளிர்ச் சங்கிலி அறாமல் அனுப்புகிறவர்கள் செய்யவேண்டிய வேலை அது. நாம் செய்யவேண்டியது வெப்பப்புகை. உப்பு போட்டு, மேல் ஈரம் உலர்த்தி, புகையிலேயே வேகவைத்து, சாப்பிட்டு முடிப்பது அல்லது உறையவைப்பது.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். அண்ணன் கொண்டுவரும் மின்சார ஸ்மோக்கரில் ஒரு நல்லது இருக்கிறது. வெப்பத்தைத் தானே பிடித்துவைக்கும், பழக்கமில்லாதவரும் முதல் நாளே நல்ல மீன் எடுக்கலாம். ஆனால் அமெரிக்கக் கடையில் வாங்குவது 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் அந்த நிமிடமே சூடாக்கும் கம்பி எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் கருவி வைத்து ஓட்டலாம். ஆனால் 800 வாட், 1,000 வாட் இழுக்கும் பெட்டிக்கு அதைத் தாங்குகிற கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதையும் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போனால் பாதி வெந்த கறி பெட்டிக்குள் நிற்கும். பாதி வெந்து வெதுவெதுப்பாக நிற்கிற கறிதான் கிருமிக்கு மிகப் பிடித்த இடம். இங்கேயே கிடைக்கும் 230 வோல்ட் பெட்டியை வாங்கிச் சேலம் வீட்டு மொட்டைமாடியில் வைப்பதாக இருந்தால் மறுக்க மாட்டேன். ஏற்காட்டுக்கு என்றால் கரி அடுப்பே என் தேர்வு.

பட்டறைக்காரர் சொன்ன டிரம் நல்ல யோசனை. ஆனால் அவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். டிரம்மில் முன்பு என்ன இருந்தது? சமையல் எண்ணெய், தேன், பழக்கூழ் வந்த டிரம் என்றால் எடுக்கலாம். பெயின்ட், தின்னர், பூச்சிமருந்து, சாயப்பட்டறை ரசாயனம் வந்தது என்றால் எத்தனை முறை கழுவினாலும், எரித்தாலும் வேண்டாம். என்ன இருந்தது என்று தெரியாது என்றாலும் வேண்டாம். அடுத்தது, உள்ளே பூச்சு இருக்கிறதா? உணவு டிரம்களில் பெரும்பாலும் உட்புறம் வெளிர் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ எப்பாக்ஸி பூசியிருக்கும். அதைத் தோப்பில் விறகு போட்டு நன்றாக எரித்து, பிறகு கிரைண்டரில் கம்பித் தூரிகை மாட்டி இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். அந்தப் புகையை யாரும் சுவாசிக்கக் கூடாது. மூடியையும் வாயையும் அதற்கு முன்பே கழற்றித் திறந்துவிட வேண்டும். மூடிய டிரம்முக்கு வெல்டிங்கோ நெருப்போ காட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். மூன்றாவது, எங்கேயாவது ஜிஐ தகடோ ஜிஐ வலையோ வைக்கப்போகிறாரா? துத்தநாகப் பூச்சு கொண்ட எதுவும் நெருப்புக்கோ கறிக்கோ பக்கத்தில் வரக்கூடாது. அதிகச் சூட்டில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சல் வரவைக்கும். புகையின் அமிலம் பட்டால் பூச்சு கரைந்து கறியில் சேரும். பட்டறைகளில் கையில் கிடைப்பது ஜிஐ என்பதால் இதை நாமே சொல்லாவிட்டால் அதைத்தான் போடுவார்கள்.

கறி வைக்கும் தட்டுக்கு மட்டும் எஸ்எஸ் 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கேளுங்கள். உருக்காலை இருக்கும் ஊரில் அது கிடைக்காமல் போகாது. மற்றதெல்லாம் சாதாரண இரும்பே போதும். முழுப் பெட்டியையும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஏற்காட்டுக் காற்றில் மெல்லிய தகடு சூட்டை நிறுத்தாது, கரியை விழுங்கும்.

அளவு சொல்கிறேன், பட்டறைக்காரரிடம் அப்படியே காட்டலாம். 200 லிட்டர் டிரம் சுமார் 57 செ.மீ. விட்டமும் 88 செ.மீ. உயரமும் இருக்கும். வளையம் போட்டு இறுக்கும் முழுத் திறப்பு மூடி உள்ளதாகப் பாருங்கள். அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் முக்கால் அங்குலத் துளை மூன்று. ஒவ்வொன்றிலும் குட்டையான எம்எஸ் (சாதாரண இரும்பு) குழாய் வைத்து, வெளிப்பக்கம் மூடியோ வால்வோ. உள்ளே எக்ஸ்பாண்டட் மெட்டலில் (கீறி இழுத்த இரும்பு வலைத்தகட்டில்) 35 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு கரிக்கூடை. அது தரையிலிருந்து ஏழெட்டு செ.மீ. மேலே காலில் நிற்கட்டும், அடியில் சாம்பல் தட்டு. கறித்தட்டு, கூடையின் அடியிலிருந்து 60 செ.மீ. மேலே. இந்த இடைவெளியைக் குறைக்க விடாதீர்கள். குறைந்தால் அது ஸ்மோக்கராக இருக்காது, தணலில் சுடும் அடுப்பாகிவிடும். மூடியில் 2 அங்குலத்தில் ஒரு புகைவழி. அது எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழே இருக்கும் மூன்று துளையால் மட்டும்தான். புதிதாகச் செய்கிறவர்கள் புகை வீணாகப் போகிறதே என்று மேலே அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தேங்கிய புகை குளிர்ந்து, தாராகக் கறியில் இறங்கும். நாக்கில் வைத்தால் கசந்து மரத்துப்போகும்.

இந்த டிரம் கோழிக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் அருமையான பெட்டி. மூன்று கிலோ கரி போட்டு ஒரு மூலையில் மட்டும் பற்றவைத்தால், என்னுடையதில் 110 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் கையே வைக்காமல் நிற்கும். மீனுக்கு அது அவ்வளவு சௌகரியம் இல்லை. மீனை முதலில் 40, 50 டிகிரியில் உலர்த்தி, மெல்ல 80, 90-க்கு ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் சூடு காட்டினால் வெள்ளையாகப் புரதம் வெடித்து வழிந்து சதை உதிர்ந்துவிடும். நேரடியாகக் கீழே தணல் இருக்கும் டிரம்மை 60-க்குக் கீழே பிடித்துவைப்பது பெரிய பாடு.

உங்களிடம் சரிவான நிலம் இருக்கிறது. மீனுக்கு அதைப் பயன்படுத்துங்கள் என்பேன். காப்பிக்கு வரப்பு வெட்டியிருப்பீர்களே, அதில் கீழ்த்தட்டில் செங்கல்லால் ஒரு சின்ன நெருப்புக்குழி. அங்கிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர் நீளத்துக்கு மேல்நோக்கி மண்ணில் வாய்க்கால் வெட்டி, மேலே கடப்பைக்கல் மூடுங்கள். மேல்தட்டில் செங்கல் சுவரில் இடுப்புயரப் பெட்டி, அதன்மேல் மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள். சூடான புகை தானாகவே மேலேறும், வருகிற வழியில் மண்ணில் சூட்டைக் கொஞ்சம் இழக்கும். முதல் ஒன்றரை மணி நேரம் கீழ்க்குழி நெருப்பு மட்டும். மீன் உலர்ந்து நிறம் பிடித்ததும், மேல்பெட்டியின் அடியில் ஒரு வாசல் வைத்து ஒரு தட்டுத் தணலை உள்ளே தள்ளினால் வெந்துவிடும். தட்டடுக்கு என் கற்பனை இல்லை. கானா நாட்டின் அக்ரா நகரை ஒட்டிய சோர்க்கர் என்ற மீனவர் குப்பத்தின் பெயரால், 1970-ஐ ஒட்டி உருவான சோர்க்கர் அடுப்பு இந்த மாதிரிதான். தாழ்வான மண் அல்லது செங்கல் சுவர், மேலே ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டுகள், மீன் வேகவேக மேல்தட்டைக் கீழே மாற்றிக்கொள்வது. ஆப்பிரிக்கக் கரையோரம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பதுதான். உங்கள் தோட்டத்துக்கு மீன் பாதியை அப்படியும் கறிப் பாதியை டிரம்மிலும் செய்யலாம். ஒன்றுதான் முடியும் என்றால் டிரம்மை எடுத்துக்கொண்டு, மீன் போடும் நாளில் கரியைக் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்று தட்டு மட்டத்தில் காற்றின் சூட்டைக் காட்ட, இன்னொன்று கறிக்குள் குத்திப் பார்க்க ஊசி முனை உள்ளது. மூடியில் பதித்த வட்ட மீட்டர் அலங்காரத்துக்குத்தான், தட்டின் சூட்டிலிருந்து 15, 20 டிகிரி விலகி நிற்கும். தூத்துக்குடிக் கூடத்தில் பெரிய இயந்திர அறையே இருந்தது. வாசல் பக்கத்து மீட்டர் சரியாகக் காட்டியது. பின்மூலையில் 12 டிகிரி குறைவு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் போன சரக்கையெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டியதாயிற்று. இயந்திர அறைக்கே அந்தக் கதி என்றால் டிரம்முக்குக் கேட்க வேண்டாம், நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். வெப்பமானி சரிதானா என்று கொதிநீரில் பார்ப்பவர் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 99. மலையில் 95 காட்டினால் கருவி சரியாக இருக்கிறது என்று பொருள், 100-க்குத் திருகிவிடாதீர்கள். நொறுக்கிய பனிக்கட்டித் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பார்ப்பது இரண்டு ஊரிலும் பொருந்தும்.

விறகைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர். காக்பர்ன் என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி சேலம் கலெக்டராக இருந்த 1820-களில் அந்த மலைக்கு வந்த காப்பி, இன்றைக்கு உங்கள் புகைக்கு முதல்தரமான மரம். கவாத்து செய்த காப்பிக் கட்டை கெட்டியானது, மெதுவாக எரியும், புகை மென்மையாக இருக்கும். என் நாக்குக்கு மீனில் காப்பிக் கட்டையும் கொய்யாவும், ஆட்டுக்கறியில் மாவும் புளியும் பொருந்துகின்றன. ஆரஞ்சுக் கட்டை கோழிக்கு நன்றாக இருக்கும். தேங்காய் மட்டை சீக்கிரம் நிறம் தரும், ஆனால் நிறையப் போட்டால் உறைக்கும். கடைசி அரைமணி நேரத்துக்கு ஒரு கைப்பிடி போதும். இதெல்லாம் ருசி. ருசி சம்பந்தப்படாத எச்சரிக்கை ஒன்று உண்டு. அரபிக்கா செடியில் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் விழுந்தால் வேரோடு பிடுங்கி எரிக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டை நிறையக் கிடைக்கும், இலவச விறகாயிற்றே என்று கை நீளும். ஆனால் துளைப்பானுக்காகத்தான் தண்டில் பூச்சிமருந்து பூசுகிறார்கள். மருந்து பூசிய தண்டு புகைக்கு வேண்டாம். இலைத்துரு நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவையில் மயில்துத்தம் இருப்பதால், மற்ற கட்டையிலும் பட்டையை உரித்துவிட்டே போடுங்கள். தோட்டத்தில் வேலை பார்ப்பவரிடம் எந்த வரிசைக்கு என்ன அடித்தார் என்று கேட்டு, தனியாக அடுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

அரளியைத் தொடவே கூடாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. உண்ணிச்செடியும் வேண்டாம். வேம்பு கசக்கும். யூகலிப்டஸ், பைன் மாதிரி எண்ணெயும் பிசினும் உள்ள மரம் கரியும் கசப்புமாகப் படியும். பிளைவுட், பழைய ஜன்னல் சட்டம், பெயின்ட் பட்ட பலகை எதுவும் கூடாது. ஏற்காட்டுப் பனியில் விறகு காயவே காயாது. வெட்டியதைச் சேலத்துக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் ஆறு மாதம் போட்டுவைத்து எடுத்துப்போவேன். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடச் சொல்வார்கள். தண்ணீர் மேலோடு நிற்கும், அது ஆவியாகும்வரை நெருப்பைக் குளிர்வித்து அழுக்குப் புகைதான் வரும். உள்ளங்கை அளவுக் காய்ந்த கட்டை இரண்டோ மூன்றோ கரிக்குள் புதைத்துவிட்டால் போதும்.

சூட்டுக்குக் கரி, மணத்துக்குக் கட்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இஸ்திரிக் கடைக்காரர் வாங்குகிற சீமைக்கருவேலக் கரியே நல்ல கரி. கொட்டாங்குச்சிக் கரியும் நல்லது. பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த வாடை கடைசிவரை போகாது. காய்ந்த தென்னம்பாளையில் பற்றவைத்துவிடலாம். முதலில் வரும் அடர் வெள்ளைப் புகை அடங்கி, பார்த்தால் நீலமாகவும் பார்க்காவிட்டால் இல்லாதது போலவும் புகை மெலிந்த பிறகுதான் கறியை உள்ளே வைக்க வேண்டும். இது வெறும் ருசி விஷயம் அல்ல. கொழுப்பு தணலில் சொட்டி எரிந்தாலும், விறகு காற்றில்லாமல் புகைந்தாலும் பென்சோபைரீன் மாதிரி புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் கூடும். ஐரோப்பாவுக்குப் போகும் புகைமீனில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று இருந்த வரம்பை 2014-இல் 2 ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த முக்கியமான மாற்றம், நெருப்பைத் தள்ளி வைத்ததும் மீனுக்கும் தணலுக்கும் நடுவே சொட்டுத்தட்டு வைத்ததும்தான். உங்கள் டிரம்மிலும் பாதி உயரத்தில் தண்ணீர் ஊற்றிய ஓர் அகலத் தட்டு வையுங்கள். கொழுப்பு அதில் விழும், வெப்பமும் ஆடாமல் நிற்கும். வாரத்துக்கு ஏழு நாளும் புகைக்கறி சாப்பிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மேட்டூர் மீனில் ஜிலேபியும் கெளுத்தியும் புகைக்கு எளிது. கட்லா, ரோகுவில் சதைக்கு நடுவே கவட்டை முள் இருப்பதால் பெரிய மீனின் வயிற்றுப் பாகத்தை மட்டும் எடுத்தால் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். புகையை நன்றாக வாங்குவது கொழுப்புள்ள கடல்மீன், அதாவது மத்தி, அயிலை, சூரை. அவற்றில்தான் கவனமும் தேவை. கடலிலிருந்து சேலம் வருவதற்குள் பனிக்கட்டி குறைந்திருந்தால் இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அதை வேகவைத்தாலும் புகைபோட்டாலும் உறையவைத்தாலும் அழிக்க முடியாது. ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய அயிலையை அருமையாகப் புகைபோட்டேன். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் என் மனைவிக்கும் மாமனாருக்கும் முகம் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மாலைக்குள் சரியானது. செவுளைப் பார்த்து வாங்கிய எனக்கே அது தப்பியது. இப்போது கடல்மீன் என்றால் பெட்டியிலேயே ஐஸுக்குள் புதைந்து வந்ததை மட்டும் வாங்குகிறேன், இல்லாவிட்டால் அன்றைக்கு மேட்டூர் மீன்தான்.

மீனை வயிற்றைத் திறந்து, குடலும் முதுகெலும்போரம் இருக்கும் கறுப்பு ரத்தமும் போகக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உப்பு கலந்த ஊறலில் போடுங்கள். விரித்த அயிலைக்கு ஒரு மணி நேரம், இரண்டு விரல் கனமுள்ள கட்லாத் துண்டுக்கு இரண்டு மணி நேரம். ஊறல் பாத்திரம் ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ இருக்கட்டும். பிறகு கழுவி, ஃப்ரிட்ஜில் மூடாமல் தட்டில் பரப்பி ஓர் இரவு. மேல்தோல் பளபளவென்று, தொட்டால் லேசாக ஒட்டுகிற மாதிரி ஆகும். புகை அந்தப் பிசுபிசுப்பில்தான் பிடிக்கும். ஈரமாக வைத்தால் திட்டுத்திட்டாகப் புளித்த நிறம் வரும். மலையில் பனிமூட்டமான நாளில் காற்றாட விட்டு உலர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், உலராது. முடிவில் மீனின் கனமான இடத்தில் ஊசி 63 டிகிரிக்கு வந்து, அரைமணி நேரம் அதற்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். இது பேரத்துக்கு இடமில்லாத எண்.

கறியில் கோழி 74 டிகிரி. பன்றி முழுத்துண்டுக்கு 63 போதும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. இங்கே கிடைக்கும் பன்றிக்கு நான் 71 வரை போகிறேன். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, வெறுமனே புகைபோட்டால் செருப்புத்தோல் ஆகிவிடும். முன்னந்தொடையை எடுத்து, கிலோவுக்கு 15 கிராம் உப்பும் மிளகும் தடவி ஓர் இரவு வைத்து, 110 டிகிரியில் உள்சூடு 70 வரும்வரை புகை காட்டுங்கள். அப்புறம் வாட்டிய வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்சூடு 90 வரும்வரை விட்டால் எலும்பு கையோடு வரும். பேக்கன் மாதிரி நாள்கணக்கில் பதப்படுத்துவதற்கு நைட்ரைட் கலந்த கியூரிங் உப்பு வேண்டும். 6.25 சதவீத நைட்ரைட் உள்ளது என்றால் கிலோ கறிக்கு 2.5 கிராம், கிராம் தராசு இல்லாமல் அதில் இறங்காதீர்கள். அதற்குப் பதிலாக வெடியுப்பைப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எடுத்த மீனும் கறியும் சூடு ஆறியதும் தாளில் தளர்வாகச் சுற்றி, 3 டிகிரிக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள். அதற்குமேல் என்றால் ஃப்ரீசர், இரண்டு மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். நீங்கள் கேட்ட இரண்டு மூன்று மாதத்துக்கு வழி அதுதான். காற்றை உறிஞ்சிக் கட்டும் வாக்குவம் பை உறையவைப்பதற்கு மட்டும். உறைநிலையிலிருந்து எடுக்கும்போது முதலில் பையைக் கிழித்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளக விடுங்கள்.

பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடலாம். பழைய இருப்புச்சட்டியில் இரண்டு கரண்டி காய்ந்த காப்பிக் கட்டைத் தூள், மேலே அலுமினியத் தாள், அதன்மேல் கம்பித்தட்டில் ஊறவைத்து உலர்ந்த ஒரு ஜிலேபி மீன், இறுக்கமான மூடி. வாசல் திண்ணையில் கேஸ் அடுப்பைச் சிறியதாக வைத்து இருபது நிமிடம் புகை காட்டுங்கள். அப்புறமும் அடுப்பை அணைக்காமல், ஊசி 63 தொட்டு அரைமணி நேரம் நின்றதும் இறக்கலாம். அந்த மணம் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு விஷயம்: ஏற்காட்டில் குளிர் என்று புகை போட்டு முடித்த தணலை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திவிடாதீர்கள், டிரம்மையும் மூடிய தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

டிரம்மில் முன்பு என்ன வந்தது என்று பட்டறைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். பக்கவாட்டில் ஒட்டிய லேபிள் இன்னும் இருந்தால் அதன் படம் போதும், எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன்.